போர்ட் எண்ணை மாற்றினால் போதுமா?

ரோஸ்ஹில்வாசி:
எங்கள் கோவில் இணையதளம் வாடகை லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஓடுகிறது. மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை அல்லவா, அதற்கு முந்தைய வாரங்களில்தான் நெரிசல். காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களின் தொலைபேசி எண்கள் அதில் இருக்கின்றன. நேற்று உள்நுழைவுப் பதிவேட்டைத் திறந்தேன்: 'ரூட்' (சர்வரின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு) பெயரில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்த முயற்சிகள் பக்கம் பக்கமாக! தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் போர்ட்டை, அதாவது வாசல் எண்ணை, 22இலிருந்து 2222க்கு மாற்றினேன். தொல்லை ஓய்ந்தது. வேலை முடிந்தது என்றே நினைக்கிறேன்.

கியூர்பிப் மழை:
முடியவில்லை, அண்ணா. வாசலைப் பின்பக்கம் வைத்துவிட்டுப் பழைய பூட்டையே தொங்கவிட்டிருக்கிறீர்கள். மொத்தமே 65,535 போர்ட்டுகள்; அத்தனையையும் தட்டிப் பார்க்க ஒரு நிரலுக்கு நெடுநேரம் ஆகாது. இன்னொன்று, 1024க்குக் கீழுள்ள எண்களைத் திறக்க வழக்கமாக ரூட் அதிகாரம் வேண்டும். 2222க்கு வேண்டாம். எஸ்எஸ்ஹெச் ஒருமுறை நின்றுபோனால், சர்வரில் கணக்குள்ள எவரும் அதே எண்ணில் போலி வாசல் திறக்கலாம். கடவுச்சொல் நுழைவையே மூடிச் சாவிக்கோப்புக்கு (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கணினியில் இருக்கும் ரகசியக் கோப்பு) மாறுங்கள். ரூட் நேரடியாக நுழைவதையும் நிறுத்துங்கள்.

ரோஸ்ஹில்வாசி:
சொல்வது எளிது. எங்கள் குழுவில் நால்வர், ஆண்டுதோறும் ஆள் மாறும். சாவிக்கோப்பை மடிக்கணினியில் வைத்திருப்பவர் கல்யாணத்துக்கு ரீயூனியன் தீவுக்குப் போய்விட்டால்? கடவுச்சொல் என்றால் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம்.

கியூர்பிப் மழை:
அதற்குத்தான் அஞ்சுகிறேன். போன ஆண்டு விலகியவருக்கும் அது இன்னும் தெரியுமே! நால்வரும் தனித்தனியே சாவி உருவாக்கட்டும். ஒவ்வொருவரின் பொதுச்சாவியும் (சாவி இணையில் வெளியே கொடுக்கக்கூடிய பாதி) சர்வரில் ஒரு வரி. விலகுபவரின் வரியை அழித்தால் ஆயிற்று, மற்ற மூவருக்கும் தொந்தரவு இல்லை.

வாக்வாஸ் கிழவர்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இயக்கும்போது எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்க மறந்து, என் சர்வருக்கே வெளியாளாக நின்றவன் நான். தம்பி, எதை மாற்றினாலும் பழைய இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, இன்னொரு திரையிலிருந்து நுழைந்து பாருங்கள். உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) வாடகைச் சர்வர்கள் சிலவற்றில் வேறொரு கண்ணியும் உண்டு: துணை அமைப்புக்கோப்பு ஒன்று கடவுச்சொல்லை அனுமதித்திருக்கும். முதலில் படிக்கப்படுவதே செல்லும் என்பதால், முதன்மைக் கோப்பில் நீங்கள் 'கூடாது' என்று எழுதியும் பயனில்லை.

ரோஸ்ஹில்வாசி:
அந்தத் துணைக்கோப்பு எங்களிடமும் இருந்தது, ஐயா! திருத்திவிட்டேன். நான்கு சாவிகளும் ஏறிவிட்டன. ஆனால் 22க்குத் திரும்பமாட்டேன்; பதிவேடு இப்போதுதான் படிக்கும்படி இருக்கிறது.

கியூர்பிப் மழை:
திரும்ப வேண்டாம். 1024க்குக் கீழே காலியாக உள்ள ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.