வெந்த கோழியில் கிருமி ஏது?

பல்லடத்தான்:
“பிராய்லருக்கு எடை ஏறத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி அதில் வளரும். அதைத் தின்றால் நாளைக்கு நமக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது” என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா காலத்திலிருந்து பண்ணை நடத்துகிறோம். கொதிக்கிற குழம்பில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்கள்.

லேப் செல்வி:
குழம்பில் அநேகமாக இருக்காதுங்க. அதற்கு முன்னால் இருக்கும். கறியைக் கழுவும்போது சிங்க் முழுக்கத் தெறிக்கிறது, அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்குகிறோம். வெள்ளரியையும் வேக வைப்பீர்களா? கொலிஸ்டின் என்கிற ஆன்டிபயாட்டிக், ஆஸ்பத்திரியில் வேறு எதுவும் கேட்காதபோது கொடுக்கும் கடைசிக் கையிருப்பு மருந்து. அதையே முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீனாவில் பன்றி, பச்சைக் கறி, நோயாளிகள் மூன்றிலும் கண்டதாக 2015-ல் ஆய்வு வெளியானது. அந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

பல்லடத்தான்:
கொலிஸ்டினைத்தான் 2019-லேயே இங்கே கால்நடைக்குத் தடை செய்தாயிற்றே! குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தருவது. எங்களுக்கு வளர்ப்புக் கூலிதான். வெந்த கறியில் கிருமி உண்டா, இல்லையா?

நாட்டுக்கோழி நாதன்:
இதற்குத்தான் நாட்டுக்கோழி சாப்பிடச் சொல்கிறேன். யார் கேட்கிறீர்கள்?

ஈரோடு குமார்:
நாதன் அண்ணே, போன பொங்கலுக்கு நாட்டுக்கோழி என்று நீங்கள் தந்தது கலப்பினக் கிராஸ். கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

மருந்துக்கடை மணி:
சளி பிடித்ததும் சீட்டில்லாமல் வந்து அசித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக் கேட்பவர்கள் கோழியைக் குறை சொல்ல வேண்டாம்.

லேப் செல்வி:
கேட்டால் கொடுப்பது யாருங்க? அதுவும் தப்பு, இதுவும் தப்பு. பல்லடத்தாரே, கோழிக்கு என்ரோஃபிளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை அமெரிக்கா 2005-ல் நிறுத்தியது. அந்த வகை மருந்துக்கு அடங்காத கேம்பைலோபாக்டர் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி கோழியிலிருந்து மனிதர்களுக்கு வந்ததுதான் காரணம். அவர்களும் வேக வைத்துத்தான் தின்றார்கள். அப்புறம், அந்த மாதிரிக் கிருமியோடு உங்கள் கோழி எரு எந்த வயலுக்குப் போகிறது? கொட்டகையில் வெறுங்கையால் அள்ளுகிறவர் கையை யார் வேக வைப்பது?

பல்லடத்தான்:
எருவுக்கு ஏன் தாவுகிறீர்கள்? எருவையா தின்கிறோம்? கேட்டது வெந்த கறி. லேப்பில் உட்கார்ந்து பேசுவது சுலபம், கோழி கொத்துக்கொத்தாகச் சாகும்போது வந்து பாருங்கள்.

லேப் செல்வி:
நோய் வந்த கோழிக்கு மருத்துவர் சொல்லிக் கொடுப்பதை நான் எங்கே தப்பென்றேன்? நோயே இல்லாத கோழிக்கு எடை ஏறத் தீவனத்தில் கலப்பதைத்தான் கேட்கிறேன்.

பல்லடத்தான்:
நான் மூன்று முறை கேட்டாயிற்று. வெந்த கறி. உண்டா, இல்லையா?

நாட்டுக்கோழி நாதன்:
கிராஸ் என்று சொன்ன குமார் நேரில் வந்து என் கோழியைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.