தேன் நுரைக்கிறது, காய்ச்சாமல் ஈரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா?

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு அப்புறம் எடுத்த தேன் பாட்டிலில் நுரை கட்டுகிறது. மூடியைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வருகிறது, லேசான புளிப்பு வாடை வேறு.

ரிஃப்ராக்டோமீட்டரில் ஈரப்பதம் 23 சதவீதம். உணவுத் தரவிதிப்படி 20-ஐத் தாண்டக் கூடாது. மெழுகு மூடிய அடையாகப் பார்த்துத்தான் எடுத்தோம். வடிகட்டி, எவர்சில்வர் டிரம்மில் இறுக்கி மூடியும் வைத்தாயிற்று. அளவு இறங்கவில்லை.

"சுடுதண்ணிக்குள்ள வெச்சுக் காய்ச்சிருங்க" என்கிறார் வாங்குபவர். எனக்கு மனசு வரவில்லை. நல்ல அடர்நிறத் தேன் இது. ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் தரும் பீனால் சேர்மங்கள் பொதுவாக இந்த நிறத் தேனில்தான் கூடுதல். சூடு ஏறினால் நொதிகள் கெடும், எச்எம்எஃப் (சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருள்) கூடும்.

டிரம்மில் மீதமுள்ளது இன்னும் நுரைக்கவில்லை. அறையில் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) ஓட்டித் தேனை 20-க்குக் கீழே கொண்டுவந்தவர்கள் கோவை, ஈரோடு பக்கம் இருந்தால், எத்தனை டிகிரியில் வைத்தீர்கள் என்று சொல்லுங்களேன்?