இரவில் புரண்டு படுக்கவே முடியவில்லை: கர்ப்பகால இடுப்பெலும்பு வலிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். எனக்கு இது முதல் கர்ப்பம், 31ஆவது வாரம் நடக்கிறது. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். இரவு படுத்தால்தான் கஷ்டம். அடிவயிற்றுக்குக் கீழே நடுவில் இருக்கும் எலும்பில் வலி. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது சுரீர் என்று தொடை இடுக்கு வரைக்கும் இழுக்கிறது. சில சமயம் 'டக்' என்று சத்தம் வேறு. பாத்ரூம் போக எழுந்தால் சுவரைப் பிடிக்காமல் முதல் சில அடிகள் வைக்க முடிவதில்லை.

முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலது பக்கம் படுக்கவே கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். இடது பக்கமே படுத்துப் படுத்து அந்த இடுப்பு கடுக்கிறது. டாக்டரிடம் சொன்னேன், ஸ்கேன் நன்றாக இருக்கிறது, இந்த மாதத்தில் இதெல்லாம் வரும் என்றார். தூக்கமே இல்லாமல் மீதி மாதங்களை எப்படி ஓட்டுவது? குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: இரண்டு குழந்தைகளின் தாய்

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், தோழி. இந்த மூட்டு வலி உங்களைத்தான் படுத்தும், குழந்தையைப் பாதிக்காது. எனக்கு இரண்டாவது குழந்தையின்போது அச்சு அசலாக இப்படியேதான் இருந்தது, அந்த 'டக்' சத்தம் உட்பட.

தலையணை முட்டிக்கு நடுவில் மட்டும் இருந்தால் போதாது. பாதம் கீழே தொங்கும், தொடை உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும், வலி அப்படியே இருக்கும். நீளமான, கொஞ்சம் கெட்டியான தலையணையாக எடுத்து, முட்டியிலிருந்து கணுக்கால் வரை மேல் கால் முழுவதையும் தாங்கும்படி வையுங்கள். வயிறு கீழே இழுக்காமல் இருக்க அதன் அடியில் மடித்த துண்டு ஒன்று. எனக்கு இந்தத் துண்டுதான் பெரிய ஆறுதல்.

அப்புறம் அந்த வலது, இடது கதை. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படுப்பதுதான் முக்கியம். எந்தப் பக்கமானாலும் சரி. நடுராத்திரியில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

பதில்: பிசியோதெரபிஸ்ட்

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது இடுப்பு வளைய வலி போலத் தெரிகிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் முதுகுத்தண்டின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு மூட்டுகள். கர்ப்பத்தில் இவற்றைக் கட்டியிருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்னால் வரவர நிற்கும் விதம், நடக்கும் விதம் எல்லாம் மாறுகிறது. மூன்று மூட்டுகளும் ஒத்துப்போகாமல் அசையும்போது வலிக்கிறது. ஒரு கால் ஒரு பக்கமும் இன்னொரு கால் வேறு பக்கமும் போகும் எந்த அசைவும் இதைக் கிளறிவிடும். புரளும்போது நடப்பது அதுதான்.

ஆகவே இரு கால்களையும் ஒன்றாகவே நகர்த்துங்கள். திரும்புவதற்கு முன் இரண்டு முட்டிகளையும் மடக்கி, சேர்த்துப் பிடியுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றையும் பிட்டத்தையும் லேசாக இறுக்குங்கள். அப்படியே தோள், இடுப்பு, முட்டி மூன்றும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். தலையணையைத் தூக்கிப் போடாதீர்கள், முட்டிகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தபடியே திரும்பலாம். வழுக்கும் சாடின் துணியில் இரவு உடையோ, இடுப்புக்குக் கீழே அப்படி ஒரு விரிப்போ இருந்தால் உடம்பு சுலபமாகத் திரும்பும். உடை, விரிப்பு இரண்டுமே வழுக்கினால் எழும்போது சறுக்கிவிடும், ஒன்று போதும்.

எழுவதும் இதே முறைதான். ஒருக்களித்து, முட்டிகளைச் சேர்த்து, இரண்டு கால்களையும் ஒன்றாகக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி உட்காருங்கள். உடனே நடக்க வேண்டாம். சில விநாடி நின்று, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது உங்கள் பகலைப் பற்றி. 'எப்படியோ சமாளித்துவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூட்டுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் முழு வலியையும் காட்டாது, பகலில் செய்ததற்கு இரவில்தான் வலிக்கும். ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போடுவது, ஒரு காலில் எடையைப் போட்டு நெடுநேரம் நிற்பது, கால் மேல் கால் போட்டு உட்காருவது, கனமான பையை ஒரே கையில் தூக்குவது, ஒரு காலை மட்டும் முதலில் காரில் வைத்து ஏறுவது, இவற்றையெல்லாம் நிறுத்திப் பாருங்கள். உடையை உட்கார்ந்து போடுங்கள். படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுங்கள். வேலைகளை ஒரே மூச்சில் முடிக்காமல் நடுநடுவே உட்காருங்கள். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது, தசை பலவீனமானால் மூட்டுக்குத்தான் சிரமம்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய வலி இல்லை இது. பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லி டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள். சீக்கிரம் போனால் நல்லது.

கேட்டவர்

மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. இன்னும் சில சந்தேகங்கள். வலி தாங்காத இரவில் மாத்திரை போடலாமா? ஒத்தடம் கொடுக்கலாமா? இடுப்பு பெல்ட் பயன்படுமா? இது பிரசவ வலியாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மகப்பேறு செவிலியர்

மாத்திரை என்றால் பாராசிட்டமால்தான் வழக்கமாகத் தருவது, அதையும் டாக்டரிடம் அளவு கேட்டுப் போடுங்கள் ம்மா. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம். 20 வாரத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். வலிக்குத் தடவும் ஜெல்களிலும் அதே மருந்து இருக்கலாம், பெயரைப் படித்துப் பாருங்கள். ஒத்தடத்தை முதுகின் அடிப்பகுதியில் வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம், வயிற்றில் வேண்டாம். பெல்ட் சிலருக்கு நன்றாக உதவுகிறது. ஆனால் அது நடக்கும்போது, நிற்கும்போது போடுவது, தூங்கும்போது கழற்றிவிடுங்கள். எங்கே கட்டுவது என்று ஒருமுறை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

மூட்டு வலி அசைந்தால் வரும், அசையாமல் இருந்தால் அடங்கும். பிரசவ வலி நீங்கள் அசைந்தாலும் அசையாவிட்டாலும் விட்டுவிட்டு வரும், வயிறு முழுவதும் கல்லாக இறுகித் தளரும். 37 வாரத்துக்கு முன் இப்படி இறுகினால், ரத்தமோ நீரோ பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ அதுவும் அவசரம்தான்.

கேட்டவர்

முட்டிகளைச் சேர்த்துத் திரும்புவதை அன்று இரவே செய்து பார்த்தேன். வலி போகவில்லை, ஆனால் அந்தச் சுரீர் குறைந்திருக்கிறது. பகலில் நடுநடுவே உட்கார ஆரம்பித்த பிறகு இரவு எத்தனை தடவை விழிக்கிறேன் என்பதிலும் வித்தியாசம் தெரிகிறது. பிசியோதெரபிக்கும் எழுதி வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: இந்த வலியோடு சுகப்பிரசவம் ஆகுமா?

பதில்: பிசியோதெரபிஸ்ட்

ஆகும். பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆவதில்லை. ஒன்று மட்டும் செய்து வையுங்கள். மல்லாந்து சாய்ந்து முட்டிகளை மடக்கி, வலி வராமல் எவ்வளவு தூரம் விரிக்க முடிகிறது என்று யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். கடைசி வாரங்களில் அந்த அளவைப் பிரசவக் குறிப்பில் எழுதிவிடுங்கள். எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்டால் வலி தெரியாது என்பதால், அந்த அளவைத் தாண்டிக் கால்களை விரித்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஒருக்களித்தோ, முட்டி போட்டுக் கைகளை ஊன்றியோ பிரசவிப்பது மூட்டுக்கு இதமாக இருக்கும், அதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அப்போதும் வந்து காட்டுங்கள்.