‘உடனே படகு தேவை’: எந்த ‘உடனே’?

2015 டிசம்பர் 2, சென்னை வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அடையாற்றங்கரை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. நானோ பெங்களூரில், காலில் ஈரம் படாமல், லேப்டாப் முன்னால். ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் உதவி கேட்டு வந்த செய்திகளைக் கூகுள் ஷீட்டில் ஏற்றி, அந்த நம்பருக்குப் போன் போட்டு உறுதி செய்வது எங்கள் வேலை.

‘முடிச்சூர், மாடியில் வயதான தம்பதி, உடனே படகு தேவை’. இந்த ஒரே வரி என் ஷீட்டில் பதினோரு இடத்தில் இருந்தது. ஒன்றிலும் நேரம் இல்லை. பெரும்பாடுபட்டு லைன் கிடைத்தபோது மகன் எடுத்தார்: “சார், நேத்தே மீனவர்கள் படகுல கூட்டிட்டு வந்துட்டாங்க. காலையிலேருந்து நீங்க நாப்பதாவது ஆள்.”

அப்புறம்தான் ‘கடைசியாகப் பேசிய நேரம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அது காலியாக இருந்தால் படகுக்காரர்களுக்கு அனுப்புவதில்லை. ஜகார்த்தாவில் 2014-லேயே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ட்விட்டரில் யாராவது வெள்ளம் என்று எழுதினால், இருக்கும் இடத்தைச் சேர்த்து உறுதி செய்யச் சொல்லித் தானாகவே ஒரு பதில் போகும். பெட்டா ஜகார்த்தா என்று பெயர். எனக்கு அப்போது தெரியாமல் போச்சு.

இன்னொரு தப்பும் செய்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத் தன்னார்வலர்கள் ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் அழுத்திக் குறிக்கலாம். குறியே விழாத தெருக்களைப் பார்த்து, “இப்படிப் போங்க, தண்ணி இல்லை” என்று ஒரு நண்பருக்கு வழி சொன்னேன். இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பி வந்தார். அந்தப் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. யார் அழுத்துவது? அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

*

மேலே எழுதியவருக்கு: நான் மறுமுனையில் இருந்தவன். ஜாபர்கான்பேட்டையில் மாட்டிக்கொண்ட அப்பாவுக்காக டிசம்பர் 2 காலையில் ஒரு மெசேஜ் போட்டேன். மதியமே மீட்டுவிட்டார்கள். ‘மீட்கப்பட்டார், நன்றி’ என்று அடுத்த மெசேஜும் போட்டேன். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை! சார்ஜ் போட வழியில்லாத நேரத்தில், விசாரித்த அழைப்புகளிலேயே அப்பா போன் செத்துவிட்டது.

அடுத்த டிசம்பரில் வர்தா புயல் வந்தது. அதே பழைய மெசேஜ் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. வேலூரில் அத்தை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவை யாரோ கூப்பிட்டு, படகு எங்கே வரட்டும் என்று கேட்டார்கள்.