சிகாகோ மியூசியத்துல மிட்டாய்க் குவியல்

குழு: தாத்தா வீட்டுப் பட்டாளம்

நிவி 7:12
📷 படம்
இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்

மீனா பெரியம்மா 7:15
மிட்டாய்க் கடையா? மூலைல கொட்டி வச்சிருக்கான். எறும்பு வராதா

நிவி 7:16
கடை இல்ல பெரியம்மா, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட். யார் வேணா எடுத்துத் திங்கலாம். நானும் பச்சைக் காகிதம் சுத்தின மிட்டாய் ஒண்ணு எடுத்தேன்

பாபு மாமா 7:17
காவலுக்கு நிக்கிறவர் கண்ணு முன்னாடியேவா

நிவி 7:17
ஆமா மாமா, பாத்துட்டுத்தான் நின்னார் 😄

ராஜா பெரியப்பா 7:20
நம்ம வீட்டுக் கல்யாணத்துல வாசல்லயே கல்கண்டு தட்டு வச்சோமே. அப்ப நானும் ஆர்டிஸ்ட்தான் 😂

நிவி 7:24
பெரியப்பா, இது ஒரு ஆளோட உருவப்படம். பேரு ராஸ். செஞ்சவர் ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டாரஸ். 1957ல கியூபால பொறந்து, போர்ட்டோ ரிக்கோல வளந்து, 1979ல நியூயார்க் வந்தவர். 1991ல செஞ்சது இது. குவியலோட எடை 175 பவுண்டு, நம்ம கணக்குல 79 கிலோ. ராஸ் நல்லா இருந்தப்ப அவர் எடை அதுன்னு சொல்றாங்க

ராஜா பெரியப்பா 7:25
ராஸ் யாரு, ஃப்ரெண்டா

நிவி 7:26
துணை. 1983லேருந்து சேர்ந்து இருந்தாங்க. ரெண்டு பேரும் ஆம்பளைங்க. ராஸ் 91 ஜனவரில எய்ட்ஸ்ல போயிட்டார்

ராஜா பெரியப்பா 7:27
🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மீனா பெரியம்மா 7:27
நான் படிச்சிட்டேன். அடுப்படிக்கு வாங்க, பேசிக்கலாம்

நிவி 7:31
😬
மாமா, உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி இன்னொண்ணும் செஞ்சிருக்கார். ஒரே மாதிரி ரெண்டு சுவர்க்கடிகாரம், ஒட்டி மாட்டி, ஒரே நேரம் வச்சு ஓட விட்டிருக்கார்

பாபு மாமா 7:33
ஓடாதும்மா. முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். ஒரே டப்பால வந்த ரெண்டு பீஸா இருந்தாலும் ஒண்ணு பின்தங்கத்தான் செய்யும்

நிவி 7:34
அதான் மாமா. ஒண்ணு முதல்ல நிக்கும். பேட்டரி மாத்தி ரெண்டையும் திரும்ப ஒரே நேரம் வைக்கணும்

பாபு மாமா 7:34
ம்

நிவி 7:37
1992ல நியூயார்க் தெருவுல 24 விளம்பரப் பலகை வச்சார். எழுத்தே கிடையாது. கலைஞ்ச படுக்கை, ரெண்டு தலைகாணி, ரெண்டுலயும் தலை வச்ச பள்ளம்

கலா சித்தி 8:05
இப்பதான் பாத்தேன். நிவி, எடுக்க எடுக்கக் குவியல் குறையுமா

நிவி 8:06
குறையும் சித்தி. அப்புறம் மியூசியத்துக்காரங்க திரும்பக் கொட்டி நிரப்பலாம்

கலா சித்தி 8:14
95, 96ல நான் ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாத்தப்ப எச்.ஐ.வி.க்கு எங்ககிட்ட மருந்துன்னு ஒண்ணும் கிடையாது. திங்கக்கிழமை எடை போடுவோம். லாரி கிளீனர் தம்பி ஒருத்தன். 61 கிலோல வந்தான். அப்புறம் 58. 53. 47. நான் சார்ட்ல எழுதறப்ப என் பேனாவையே பாப்பான். கடைசில தராசுல ஏற மாட்டேன்னுட்டான்
அவன் கூடவும் ஒரு பையன் இருந்தான். டிஃபன் கேரியரோட தினம் வருவான். தம்பின்னுதான் ரிஜிஸ்டர்ல எழுதியிருந்தோம்

கலா சித்தி 8:15
இந்த ஆளாவது திரும்ப நிரப்ப வழி பண்ணியிருக்கார்

மீனா பெரியம்மா 8:18
இத்தனை வருஷம் நீ இதச் சொன்னதே இல்லயே கலா

கலா சித்தி 8:19
யாரு கேட்டா

ராஜா பெரியப்பா 8:26
அந்த ஃபீலிக்ஸ் இருக்காரா

நிவி 8:27
இல்ல பெரியப்பா. அதே நோய். 1996 ஜனவரில, 38 வயசு. அவர் போய் 11 வருஷம் கழிச்சு, 2007ல வெனிஸ் பியனாலேங்கற உலகக் கலைக் கண்காட்சில அமெரிக்கா சார்பா அவர் வேலையைத்தான் வச்சாங்க.
ஒண்ணு சொல்லணும். 2022ல இந்தக் குவியலோட லேபிள் விளக்கத்துல ராஸ் யாருன்னும் இல்ல, எய்ட்ஸும் இல்ல. ஜனங்க சத்தம் போட்டதும் திரும்பச் சேர்த்தாங்க

கலா சித்தி 8:28
தம்பின்னு எழுதற கதைதான்

கலா சித்தி 8:29
அந்தப் பச்சை மிட்டாயத் தின்னுட்டியா

நிவி 8:29
அங்கயே தின்னுட்டேன் சித்தி. காகிதம் பர்ஸ்ல இருக்கு

கலா சித்தி 8:30
வரப்ப எடுத்துட்டு வா

ராஜா பெரியப்பா 8:33
எனக்கு ஒரு மிட்டாய்

மீனா பெரியம்மா 8:33
நேத்து சுகர் 240. பேசாம இருங்க