கிரேஸ் நிக்கல்ஸ் கவிதைகளைக் கொங்குப் பேச்சில் மொழிபெயர்க்கலாமா?

திண்ணைப்பள்ளி எழுதியது:

வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை தோறும் பதினோரு பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் படித்துக் காட்டுகிறேன். ஆடி மாதத்திலிருந்து கிரேஸ் நிக்கல்ஸின் கவிதைகளைத் தமிழாக்கிப் பார்க்கிறேன். இரண்டு இடங்களில் அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் 1950இல் கயானாவில், ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். அந்த நாடு தென் அமெரிக்கக் கரையில் இருந்தாலும் பேச்சும் சாப்பாடும் பாட்டும் கரீபியன்தான். எட்டு வயது வரை கடலோரக் கிராமத்தில் வளர்ந்தார். அப்புறம் ஆசிரியர் வேலை, பத்திரிகை வேலை. 1977இல் கவிஞர் ஜான் அகார்டோடு இங்கிலாந்து போய்விட்டார். 2021இல் அரசியின் கவிதைத் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

1988இல் வந்த அவருடைய குழந்தைக் கவிதைத் தொகுப்பின் தலைப்புக் கவிதை, பிள்ளைகளைத் தன் தோட்டத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவது. ‘என் வெப்பமண்டலத் தோட்டத்துக்கு வாருங்கள்’ என்று எழுதிப் படித்தேன். ஒரு பையன் “எத்தனை ஏக்கருங்க அக்கா?” என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். நமக்குத் தோட்டம் என்றால் கிணறு, மோட்டார், வாய்க்கால், மஞ்சள், கரும்பு. அந்தக் கவிதையில் இருப்பதோ செம்பருத்தியும் மரத்தில் கட்டிய தொங்கு படுக்கையும் சர்க்கரையில் செய்த தின்பண்டமும். அது நம்ம பொடக்காளி! வீட்டுக்குப் பின்னால் செம்பருத்தியும் முருங்கையும் நிற்கும் இடம்.

ஆனால் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. ஆறாம் வகுப்பில் கட்டுரையில் ‘பொடக்காளி’ என்று எழுதினேன். சிவப்பு மையில் வட்டம் போட்டு, வகுப்பு முன்னால் என்னை எழுப்பி, ‘கொல்லைப்புறம்’ என்று பத்து முறை எழுதச் சொன்னார்கள். இன்றைக்கும் அந்த வட்டம் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது, 1983இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்ற அவருடைய முதல் தொகுப்பின் கடைசிக் கவிதை. நாலே வரி. கடல் கடந்து வந்தவள் தன் நாக்கை இழக்கிறாள். பழையதன் வேரிலிருந்து புது நாக்கு முளைக்கிறது. ஆங்கிலத்தில் ‘டங்’ என்ற ஒரே சொல் நாக்கையும் மொழியையும் குறிக்கும். தமிழில் ‘நாக்கு முளைத்தது’ என்றதும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன செய்யலாம், சொல்லுங்க.

வைகைக்கரை எழுதியது:

பொதுத் தமிழிலேயே எழுதுங்கள் என்பேன். நான் மதுரை. ‘பொடக்காளி’ என்றால் எனக்கு ஏதோ காளி கோயில் என்றுதான் தோன்றியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் படிக்க வேண்டாமா? நாக்குக்குப் பதில் ‘மொழி’ என்று போட்டால் தீர்ந்தது.

ஆலைக்கொட்டகை எழுதியது:

மதுரைக்காரர் கவலை நியாயம். ஆனால் அந்த 1983 தொகுப்பின் தலைப்பைப் பாருங்கள்: ‘ஐ இஸ் எ லாங் மெமரீட் உமன்’. ‘ஐ ஆம்’ இல்லை, ‘ஐ இஸ்’. பள்ளியில் எழுதியிருந்தால் அதற்கும் சிவப்பு வட்டம்தான். அவர் கரீபியன் மக்களின் பேச்சு ஆங்கிலமான கிரியோலிலும் எழுதுவார், பொது ஆங்கிலத்திலும் எழுதுவார். எங்கே எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நீங்களும் அப்படியே செய்யலாம், அம்மிணி. எல்லா வரியையும் கொங்குப் பேச்சாக்க வேண்டியதில்லை. பொடக்காளி வருகிற இடத்தில் பொடக்காளி வரட்டும். தொங்கு படுக்கைக்குத் தூரி, அதாவது நம்ம ஊஞ்சல், என்று போடுங்கள், அந்தக் கவிதையில் பிள்ளைகள் அதில் ஏறி நிற்கத்தானே செய்கிறார்கள்.

எனக்குக் கவுந்தப்பாடிப் பக்கம். நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிற குடும்பம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் சந்தையில்தான் சர்க்கரை எடுப்பார்கள். கோவைக் கடைகளில் ‘டெமராரா’ என்று ஒரு பழுப்புச் சர்க்கரை விற்கிறது, பார்த்திருப்பீர்கள். டெமராரா என்பது ஆறு. அது கடலில் சேரும் இடத்தில்தான் ஜார்ஜ்டவுன் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போன அடிமைகளை வைத்து அங்கே கரும்பு வளர்த்தார்கள். 1838இல் அவர்களுக்கு முழு விடுதலை கிடைத்தது. அதே வருடம் இந்தியாவிலிருந்து கூலிக்கு ஆள் ஏற்றிய முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள், சென்னையில் ஏறிய நம்மவர்களும் உண்டு. அங்கே இன்னும் மாரியம்மன் கும்பிடுகிறார்கள். ஆனால் அந்தத் தொகுப்பில் பேசுகிறவள் ஆப்பிரிக்கப் பெண். அவள் கதையை நம் கூலிக்காரர் கதையாக மாற்றிவிடாதீர்கள்.

அந்த நாலு வரிக்கு வருகிறேன். கரும்பை வெட்டினதும் கட்டையை மண்ணோடு மண்ணாகச் சீவிவிடுவோம். தண்ணீர் பாய்ச்சினால் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து குருத்து வரும். அதுதான் மறுதாம்பு. புதுக் குருத்து முதலில் பழைய வேரைக் குடித்துத்தான் நிற்கும், அப்புறம் தன் வேரை விடும். கரும்புக்காட்டில் நின்ற பெண் சொல்லும் வரிக்கு ‘முளைத்தது’ போதாது, ‘துளிர்த்தது’ கூடப் போதாது. ‘மறுதாம்பு விட்டது’ என்று எழுதிப் பாருங்கள்.

திண்ணைப்பள்ளி எழுதியது:

ஆலைக்கொட்டகை அண்ணா, நேற்று உங்கள் பதிலைப் படித்துவிட்டு ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். ‘மொழி’ வைத்துப் பார்த்தேன், வாயில் ஈரம் இல்லாத மாதிரி இருந்தது. ‘பேச்சு’ என்று வைத்தேன். ‘கடல் தாண்டி வந்தேன், பேச்சத்துப் போனேன்’ என்று தொடங்கி, பழைய கட்டையில் மறுதாம்பு விடுவதாக முடித்திருக்கிறேன். இன்றைக்குப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. கரும்பு வெட்டப் போகும் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி “எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டோணும்” என்று தாளை வாங்கிப் போயிருக்கிறாள்.

பொடக்காளியையும் எழுதிவிட்டேன். வைகைக்கரை, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பக்கத்தின் அடியில் ஒரு வரி விளக்கம் போடுகிறேன், சரிங்களா? உங்கள் பக்கம் அந்த இடத்தை என்ன சொல்வீர்கள் என்றும் எழுதுங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.