ம்யூன்டர் வரைந்த பெண்: மட்டக்களப்புக் கல்லடி வீட்டில் பிறிண்ட் மாட்டுவது எப்படி?

கல்லடிக்காரி:
ஜேர்மனியிலிருந்து வந்த சித்தியின் மகள், மியூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஓவியத்தின் பிறிண்ட் கொண்டு வந்து தந்தாள். ஜேர்மன் ஓவியர் கப்ரியேலே ம்யூன்டர் 1909இல் வரைந்த, மரியான்னே வெரெஃப்கின் என்ற பெண்ணின் உருவம். மஞ்சள் பின்னணி, ஊதாச் சால்வை, பூக்கள் குவிந்த பெரிய தொப்பி. தோளுக்கு மேலால் திரும்பி நேரே எங்களைப் பார்க்கிறார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஆர் புள்ள இது, சண்டைக்கு வாற மாதிரி? ஹோலில மாட்டினா வாற சனம் என்ன நினைக்கும்?" என்கிறா. பெண் படம் என்றால் கலண்டர்ப் பெண்தான் எங்கள் ஆட்களுக்கு. ஐம்பதை நெருங்கிய மனுசியை இவ்வளவு நிறம் கொட்டி யார் வரைகிறார்கள்? நான் மாட்டத்தான் போகிறேன், அதில் பேச்சில்லை.

பிரச்சினை வீடுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி வந்தால் அலுமாரிக்குள் உடுப்பே பூஞ்சணம் பிடிக்கும். லெமினேட் பண்ணிப் பலகையில் ஒட்டித் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். செய்யலாமா?

பிறேம் வேலை, ஆரையம்பதி:
ஒட்ட விடாதீங்க தங்கச்சி. ஒட்டினால் பிறகு கழற்ற ஏலாது. பலகை ஈரம் குடித்து உப்பினால் படமும் சேர்ந்து குமிழ் விடும். கண்ணாடிதான் நல்லது, ஆனால் படம் கண்ணாடியில் முட்டக் கூடாது. ஈரத்துக்கு மை அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இடையில் மவுண்ட் போட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, வெட்டி வைக்கச் சொல்லுங்கள். அசிட் இல்லாத போட் என்று கேட்டு வாங்குங்கள், மற்றது கடதாசியைப் பழுப்பாக்கிவிடும். பின்பக்கத்தை டேப்பால் அடைத்து, கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் வைத்தால் சுவருக்கும் பிறேமுக்கும் நடுவே காற்று ஓடும். மழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம். இரும்புக் கம்பியும் வேண்டாம், கறள் பிடித்து ஒரு நாள் விழும்.

விபுலானந்தாவில் படித்தவன்:
அண்ணன் சொன்னது சரி. வெயிலையும் பாருங்கள் அக்கா. சாதாரண அச்சு மையில் மஞ்சளும் மெஜன்டாவும்தான் முதலில் வெளிறும், நீலம் மிஞ்சும். இந்தப் படமோ மஞ்சளில் நிற்கிறது. அது போனால் பிறகு என்ன இருக்கு?

அப்புறம் அம்மாவுக்கு ஒரு கதை. வெரெஃப்கினும் ஓவியர்தான், ரஷ்யாவில் பெயர்பெற்ற ஓவியர் ரெப்பினிடம் படித்தவர். 1888இல் வேட்டைக்குப் போன இடத்தில் வலது கையில் குண்டு பாய்ந்தது. அந்தக் கையாலேயே பழகி மறுபடி வரைந்தார். பிறகு தன்னோடு வாழ்ந்த யாவ்லென்ஸ்கி ஓவியராக முன்னேற வேண்டும் என்று, தன் வரைதலைப் பத்து வருடமளவில் நிறுத்தி வைத்தார். மீண்டும் தூரிகை எடுத்த பிறகு வந்தது இந்தப் படம். அந்தக் கட்டிக் கறுப்புக் கோடுகள், மியூனிக்குக்குத் தெற்கே உள்ள மூர்னாவ் ஊர் ஆட்கள் கண்ணாடியின் பின்புறம் வரையும் படங்களைப் பார்த்து ம்யூன்டர் எடுத்துக்கொண்டவை. சண்டைக்காரி என்று அம்மா சொன்னதில் பிழையில்லை, நல்ல கண்.

கல்லடிக்காரி:
கதையைச் சொன்னேன். "ஒரு ஆம்பிளைக்காகவா விட்டா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தா. ஹோல் இன்னும் இல்லையாம், தையல் மெஷினுக்கு மேலே மாட்டட்டாம். உள்சுவர், வெயிலும் வராது, அதனால் நானும் வாதாடவில்லை. மூலப்படம் 81 × 55 சென்ரிமீற்றர், என்னுடையது நீள அகலத்தில் அதில் பாதி. மவுண்ட் எத்தனை அங்குலம் விட?

பிறேம் வேலை, ஆரையம்பதி:
மூன்று பக்கமும் இரண்டரை, கீழே மூன்று. வெட்டும்போது தொப்பியின் மேல் ஓரத்தை மறைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.